உதட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள்

திருமுல்லைவாயில்
4 மார்ச் 2024

மதிப்பிற்குரிய டாக்டர் ஷர்மிளா அவர்களுக்கு,

சனிக்கிழமை நான் உங்கள் கிளினிக்கில் சத்தம் போட்டதாகவும், இனி எதுவானாலும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதாகவும் வரவேற்பில் இருக்கும் விஜி சொன்னார். நல்லது. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் எழுத்தில் கொடுத்தே பழகியவன். என் செல்போன் எண்ணையும் தடுத்து வைத்துவிட்டீர்கள். எனவே இதை விஜியின் கையில் நேரில் கொடுக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. இருபது வருஷத்துக்கு மேலாகக் கழற்றி மாட்டுகிற பல்செட்தான். அதை விட்டொழித்து, எலும்பில் திருகு வைத்து நிலையான பல் கட்டிக்கொள்ளலாம் என்று உங்களிடம் வந்தேன். நீங்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பல் இல்லாத இடத்தில் எலும்பு கரைந்து மெலிந்துவிட்டது, திருகு நிற்காது, முதலில் எலும்பை வளர்க்க வேண்டும் என்றீர்கள். சரி என்றேன். எலும்புத் தூளை வைத்து, மேலே சவ்வு போட்டு மூடினீர்கள். ஈறும் மெலிசாக இருக்கிறது என்று அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டுப் போட்டுத் தைத்தீர்கள். அதற்கும் சரி என்றேன். மூக்கு வரைக்கும் வீக்கம். கஞ்சியும் மோரும்தான் ஆகாரம். செட்டை மாட்டக் கூடாது என்றீர்கள், மாட்டவில்லை.

இத்தனைக்கும் பிறகு தையல் பிரிந்து, தூள் ரவை ரவையாக நாக்கில் உதிர்ந்தது. உங்களிடம் ஓடி வந்தால், எல்லாம் போய்விட்டது, ஈறு ஆறட்டும், அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து செய்யலாம், அதற்குப் பிறகு ஆறு மாதம் காத்திருங்கள் என்று காபி குடிக்கிற மாதிரிச் சொல்கிறீர்கள். நான் ஆய்வுப் பிரிவில் இருந்தவன். ஒரு வெல்டிங் விட்டுப்போனால் வெல்டரைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்துக் காரணம் கேட்டவன். இங்கே காரணம் கேட்டால் சத்தம் போடுகிறான் என்கிறார்கள்.

எனவே கேட்கிறேன். தப்பு தூளிலா, நூலிலா, கையிலா? எழுத்தில் பதில் தரவும். மே மாதத்துக்குள் எனக்குப் பல் வேண்டும். ஏன் என்பது உங்களுக்குத் தேவையில்லாதது.

இப்படிக்கு,
ஆ. தசரதன்


அம்பத்தூர்
6 மார்ச் 2024

தசரதன் சார்,

எழுத்தில் கொடுக்கச் சொன்னது நீங்கள் என்னிடம் சத்தம் போட்டதற்காக இல்லை. விஜியிடம் போட்டதற்காக. ஊசி போட்டதும் அவள் இல்லை, தைத்ததும் அவள் இல்லை. அடுத்த முறை கத்த வேண்டும் என்றால் கதவைத் தட்டி உள்ளே வந்து என்னிடம் கத்துங்கள்.

போன் எண்ணைத் தடுத்ததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். தோசைக்கு மாவு ஊற்றிவிட்டுப் போனை எடுத்தால் உங்கள் ஈறு. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போனை எடுத்தால் உங்கள் ஈறு. ஒரே நாளில் காலை ஒன்று, மதியம் ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று. நான் ஒரு படமும் கேட்கவில்லை.

தப்பு எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை, அதுதான் எனக்கும் எரிச்சல். தூள் நல்ல தூள். அதே நாளில் அதே நூலால் காட்டுப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குத் தைத்தேன், அவருக்குப் பூப்போல ஆறியிருக்கிறது. புகை பிடிப்பவர்களுக்கு இப்படிப் பிரியும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குப் பிரியும். உங்களுக்கு இரண்டும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் உங்களுக்குக் கொடுத்த தாளில் இருந்ததையெல்லாம் கடைப்பிடித்தீர்களா என்று மனசாட்சியோடு சொல்லுங்கள்.

மே மாதத்துக்குள் பல் என்பது நடக்காத காரியம். எலும்பு யாருடைய அவசரத்துக்கும் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

ஷர்மிளா


திருமுல்லைவாயில்
9 மார்ச் 2024

டாக்டர் அம்மா அவர்களுக்கு,

விஜியிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன். அவர் பரவாயில்லை அங்கிள் என்றார். என்னை அங்கிள் என்று கூப்பிடுவதைத் தவிர அவரிடம் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

என் மனசாட்சியைக் கேட்டீர்கள். பீடி சிகரெட் தொட்டதில்லை. சர்க்கரை இல்லை. காரம் தொடவில்லை, உறிஞ்சிக் குடிக்கவில்லை, கொப்பளித்துத் துப்பவில்லை. நீங்கள் கொடுத்த தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் நடந்தேன். என்னைப் போல ஒழுங்காக இருந்த நோயாளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

படம் அனுப்பியதைக் குற்றமாகச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வேலை நடந்தால் அதை ஷிஃப்டுக்கு ஒரு முறை சோதித்துப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் பாடம். நீங்கள் செய்யாததை உங்களுக்காக நான் செய்தேன். நீங்கள் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

மே மாதம் முடியாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரியால் இங்கே என்ன என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. சரி, உங்களுக்கு எதற்கு.

தசரதன்


அம்பத்தூர்
13 மார்ச் 2024

தசரதன் சார்,

தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன்.

நேற்று வேம்புலி என்று ஒருவர் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தார். உங்கள் குடியிருப்பில்தான் இருக்கிறாராம், காலையில் உங்களோடு நடக்கிறவராம். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தசரதன் சார்தான் உங்ககிட்ட போகச் சொன்னாரு டாக்டர். தையலு இன்னா நீட்டா கீது! டீக்கடையில உதட்டைத் தூக்கி எங்க எல்லாருக்கும் காட்டினாரு. ஒருத்தருக்குச் சரியாத் தெரியலைன்னு டார்ச் அடிச்சு வேற காட்டினாரு. இந்தம்மா கை மாதிரி வராதுன்னு ஒரே புகழ்ச்சி."

நான் அந்த மனிதர் முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உங்கள் படங்களை எடுத்துப் பார்த்தேன். அத்தனை படத்திலும் ஒரு கட்டைவிரலும் ஒரு ஆள்காட்டி விரலும் உதட்டை மூக்கு வரைக்கும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. இத்தனை நாள் ஈறைப் பார்த்தேன், விரலைப் பார்க்கவில்லை.

அண்ணத்திலிருந்து எடுத்து ஒட்டிய சதை உயிரோடு நிற்க வேண்டும் என்றால் கீழே இருந்து மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் அதற்குள் ஏற வேண்டும். முதல் இரண்டு வாரம் அந்த வேலைதான் நடக்கும். நீங்கள் உதட்டை இழுத்தால் தையல் இழுபடும், தையல் இழுபட்டால் அவை அறுபடும். அவை பிடிக்கப் பிடிக்க நீங்கள் ஷிஃப்டுக்கு ஒரு முறை அறுத்திருக்கிறீர்கள். போதாததற்கு டீக்கடையில் காட்சி வேறு.

குளிர்பெட்டிக் கதவில் தாள் இன்னும் இருந்தால் போய்ப் பாருங்கள். கடைசிக்கு முந்தின வரி. உதட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள் என்று தடித்த எழுத்தில் இருக்கும்.

என் கையைச் சந்தேகப்பட்டு நான் எத்தனை நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குக் கோபமாக வருகிறது. என்னைப் புகழ்ந்தே என் வேலையைக் கெடுத்த ஒரே ஆள் நீங்கள்தான்.

ஷர்மிளா


திருமுல்லைவாயில்
22 மார்ச் 2024

டாக்டர் அம்மா,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வேம்புலியிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். தனியாக நடக்கிறேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவன் இருந்ததைத்தான் சொன்னான்.

அந்த வரியை நான் படித்தேன். படித்துவிட்டு, அது கண்டவர்களுக்கும் எழுதியது, எனக்கு இல்லை என்று நினைத்தேன். நான் பக்குவமாகத் தூக்குவேன், பார்ப்பேன், விடுவேன். பார்க்காமல் எப்படி நம்புவது? பார்க்காத எதையும் நான் சரி என்று கையெழுத்துப் போட்டதில்லை. டீக்கடையில் காட்டியது மட்டும் பெருமைக்காக. அதை ஒத்துக்கொள்கிறேன்.

சரி, மே மாதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இனி மறைத்து என்ன.

பஞ்சவர்ணம் என்று ஒருவர். எங்கள் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், திருநின்றவூரில் தனியாக இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம் ஆகிறது, என் மனைவியும் இல்லை. பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதத்தில் உயிரோடு இருக்கிறேன் என்று போய்ப் பதிவு செய்ய வேண்டும் அல்லவா, அந்த வரிசையில்தான் பழக்கம். வேலையில் இருந்தபோது அவர் கொடுத்த சாமானையெல்லாம் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார். மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொள்வது என்று பேசி வைத்தோம். என் மகனுக்கும் தெரியும், அவனுக்குச் சந்தோஷம்தான்.

அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. என் முன்பல் செட் என்பது. நான் சிரிப்பது அழகாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். அதன் பிறகு எப்படிச் சொல்வது? ஒரே வீட்டில் இருக்கப்போகிறோம். படுக்கும்போது செட்டைக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட வேண்டும். அந்தத் தம்ளரை அவர் பார்ப்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது. அதற்கு முன்னால் நிலையான பல் வைத்துவிட வேண்டும் என்றுதான் உங்களிடம் ஓடி வந்தேன்.

செட் மாட்டக் கூடாது என்ற நாட்களில் அவரைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். ஒரு முறை முகக்கவசம் போட்டுக்கொண்டு போய்ச் சளி என்றேன். ஒரு முறை மகன் இருக்கும் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டிலேயே விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது மறுபடியும் முதலிலிருந்து என்கிறீர்கள். இனி அவரிடம் சொல்ல என்னிடம் பொய் மிச்சம் இல்லை. நான் என்ன செய்யட்டும்?

தசரதன்


அம்பத்தூர்
25 மார்ச் 2024

தசரதன் சார்,

இதற்கு நான் மருந்து எழுதித் தர முடியாது. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

மே கடைசி வாரத்தில் மறுபடியும் செய்யலாம். அதற்குப் பிறகும் சில வாரம் செட் மாட்டக் கூடாது, எலும்பின் மேல் பாரம் ஏறக் கூடாது. அப்புறம் ஆறு மாதம் நீங்களும் நானும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அதன் பிறகு திருகு, திருகு பிடித்த பிறகுதான் பல். இத்தனை காலமும் ஒரு மனுஷியிடம் வாயை மூடிக்கொண்டே குடும்பம் நடத்த முடியாது. போய்ச் சொல்லிவிடுங்கள். செட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வலிக்காக வருவதில்லை சார். யாரோ ஒருவர் பார்த்துவிடுவார்கள் என்றுதான் வருகிறார்கள். அந்த யாரோ ஒருவர் என்றைக்காவது வாயைப் பார்த்துக் கல்யாணத்தை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பொய்க்காக நிறுத்தியதைக் கேட்டிருக்கிறேன்.

வேம்புலியோடு பேசுங்கள். பாவம், அவருக்கு ஒரு பல்லை அடைக்க வேண்டியிருக்கிறது, பயந்துகொண்டு வராமல் இருக்கிறார்.

ஷர்மிளா


திருமுல்லைவாயில்
5 ஜூன் 2024

டாக்டர் அம்மா,

தையல் போட்டு இன்றைக்குப் பத்து நாள் ஆகிறது. இந்த முறை கண்ணாடி பக்கமே போகவில்லை. முகம் சவரம் செய்வதைக்கூட நிறுத்திவிட்டேன். உங்கள் வேலை பத்திரமாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், பார்க்கவில்லை.

என் வேலைதான் பாழாய்ப் போயிற்று. நீங்கள் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. இன்று, நாளை என்று தள்ளினேன். பதிவுத் தேதி நெருங்கியதும் கடுமையான ஜுரம் என்று சொல்லி அதையும் தள்ளிவிட்டேன். ஜுரம் என்றால் அந்த அம்மா சும்மா இருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறித் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்துவிட்டார். கேஸ் சிலிண்டர்காரன் என்று நினைத்து நான் கதவைத் திறந்தேன். முகக்கவசமும் இல்லை, செட்டும் இல்லை. வாங்க என்று வேறு சொன்னேன்.

கஞ்சியை மேஜை மேல் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். செட்டு, தூள், தையல், சளி, மகன் ஊர், ஜுரம் எல்லாவற்றையும். நின்றபடியே கேட்டார். பிறகு சொன்னார்.

"பல்லு போனா இன்னாங்க? எனக்கும்தான் முட்டி போயிருக்கு. இவரு பின்வாங்குறாரு, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஓடி ஒளியறாருன்னு ரெண்டு மாசமா நான் ராத்திரியில தூங்கல. என் சாமானைத்தான் திருப்பித் திருப்பி அனுப்புவீங்க, இப்ப என்னையும் அனுப்புறீங்கன்னு நெனச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். டாக்டர் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார், அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று உளறினேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அப்ப எனக்கும் ஆறு மாசம் வேணும். போன் பண்ணாதீங்க, வூட்டுப் பக்கம் வராதீங்க, யார் கிட்டயும் விசாரிக்காதீங்க. ஆறுதா இல்லையான்னு நானே சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தூக்குவாளியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கஞ்சியைக் குடித்தேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அழும்போது உதடு இழுபட்டிருக்கும், தையலுக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

தசரதன்


அம்பத்தூர்
7 ஜூன் 2024

தசரதன் சார்,

அழுதால் தையலுக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் மேல் எனக்குச் சொல்ல முடியாத கோபம். இரண்டு முறை சொன்னேன், இரண்டு முறையும் கேட்கவில்லை. தாளில் தடித்த எழுத்தில் போட்டாலும் கேட்க மாட்டீர்கள், கடிதத்தில் எழுதினாலும் கேட்க மாட்டீர்கள். அந்த அம்மா சொன்னதையாவது கேளுங்கள். அவர் கேட்டது நியாயம்.

திங்கட்கிழமை தையல் பிரிக்க வாருங்கள். உங்கள் எண்ணைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன், அவசரம் என்றால் கூப்பிடலாம். படம் அனுப்பாதீர்கள்.

ஷர்மிளா


திருமுல்லைவாயில்
16 செப்டம்பர் 2024

டாக்டர் அம்மா,

போனில் கூப்பிடலாம் என்றீர்கள். இதைப் போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஈறு இளஞ்சிவப்பாக நன்றாகப் பிடித்திருக்கிறது என்று போன முறை சொன்னீர்கள். உள்ளே எலும்பு? அதைக் கேட்டால் நவம்பரில் ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்கிறீர்கள். அதுவரைக்கும் ஒரு மனிதன் என்னதான் செய்வது? தொழிற்சாலையில் இரும்புக்குள் விரிசல் இருந்தால்கூடக் கண்டுபிடிக்கக் கருவி வைத்திருந்தோம். என் வாய்க்குள் நடப்பது எனக்குத் தெரியவில்லை, எரிச்சலாக வருகிறது. திருநின்றவூரில் நடப்பதும் தெரியவில்லை.

போன வாரம் பொறுக்க முடியாமல் ரயிலேறிவிட்டேன். தூக்குவாளியைத் திருப்பிக் கொடுப்பது என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். அண்ணனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் என்று ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டே போனேன். இதுவும் உதட்டைத் தூக்குகிற வேலைதானே என்று தோன்றியது. நெமிலிச்சேரியில் இறங்கி, எதிர் பிளாட்பாரத்துக்குப் போய், வாளியோடு திரும்பி வந்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. யாருக்காவது தெரிய வேண்டும் என்று உங்களுக்கு எழுதுகிறேன்.

வேம்புலி இப்போதும் டீக்கடையில் காட்டச் சொல்கிறான். கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்தாலும் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தசரதன்


அம்பத்தூர்
22 நவம்பர் 2024

தசரதன் சார்,

எழுத்தில்தான் வேண்டும் என்பீர்கள், எனவே எழுதுகிறேன். நேற்று எடுத்த ஸ்கேனைப் பார்த்தேன். எலும்பு பிடித்திருக்கிறது. நான் எதிர்பார்த்ததைவிட அகலமாகவே வளர்ந்திருக்கிறது. இரண்டு திருகும் தாராளமாக நிற்கும்.

டிசம்பர் 9, திங்கட்கிழமை காலையில் வைத்துவிடலாம். வெறும் வயிற்றில் வராதீர்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

மற்ற விஷயம் என்ன ஆயிற்று என்று விஜி கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எனக்கும் தெரியும்.

ஷர்மிளா


திருமுல்லைவாயில்
27 நவம்பர் 2024

டாக்டர் அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்ததிலிருந்து அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

நேற்று ஆவடியில் பென்ஷன்காரர்களுக்கு முகாம். உயிரோடு இருப்பதைப் பதிவு செய்கிற மாதம் அல்லவா. அவர் அன்றைக்குத்தான் வருவார் என்று எனக்குத் தெரியாது, யாரையும் விசாரிக்கவும் இல்லை. சத்தியமாக இல்லை. வரிசையில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தால் எனக்கு நாலைந்து பேருக்குப் பின்னால் பஞ்சவர்ணம் நிற்கிறார்.

இப்போதெல்லாம் கைரேகை சரியாக விழாதவர்களை செல்போனில் முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள். முகக்கவசத்தை எடுங்கள் பெரியவரே என்று அங்கே இருந்த பெண் சத்தமாகச் சொன்னார். நீங்கள் செட்டைச் சரிசெய்து மாட்டிக்கொள்ள அனுமதித்துப் பல மாதம் ஆகிறது. ஆனால் அன்றைக்கு அது என் சட்டைப் பையில், உங்கள் கடிதத்தோடு இருந்தது. ஏன் மாட்டாமல் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. முகக்கவசத்தை எடுத்தேன். அந்தப் பெண் கண்ணைச் சிமிட்டச் சொன்னார், சிமிட்டினேன். கேமரா என்னை ஏற்கவில்லை, மறுபடியும் வரிசைக் கடைசியில் போய் நிற்கச் சொன்னார். ஓட்டை வாயோடு அத்தனை பேருக்கு முன்னால் நடந்தேன்.

அவரைத் தாண்டும்போது அவர்தான் பேசினார். இன்னும் ஆறு மாதம் முடியவில்லையே, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வந்தேன், மிஷின் நம்ப மாட்டேன் என்கிறது என்றேன். அவர் என் வாயையே பார்த்தார். நான் மூடவில்லை. அந்தத் தூக்குவாளி எங்கே என்று கேட்டார், தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன் என்றேன். நெமிலிச்சேரி வரைக்கும் வந்ததை மட்டும் சொன்னேன். அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கடைசிக்குப் போகலாம் என்று நகர்ந்தேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நின்றவரைப் பார்த்து, "கொஞ்சம் வழி வுடுங்க, இவரு எங்க வூட்டுக்காரரு" என்றார்.

மரியாதையோடு ஒரு விண்ணப்பம். டிசம்பர் 9-ஆம் தேதி எனக்கு வர இயலாது. அன்று காலை பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நீங்களும் விஜியும் அவசியம் வர வேண்டும், சாட்சிக் கையெழுத்துக்கு வேம்புலி ஒருவன்தான் இப்போதைக்கு இருக்கிறான். திருகை ஜனவரியில், உங்களுக்கு ஓய்வான ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம்.

பல்லுக்கு அவசரமில்லை என்பதை எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஆ. தசரதன்